மூன்றாம் மாடிவரை ஏறிய நாற்றம்: அடுக்ககத்தில் மலர்ந்த ஒரு சேனைப்பூ பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறநகர் ஒன்றில், கீழே பார்க்கிங்கும் மேலே மூன்று மாடிகளும் கொண்ட ஓர் அடுக்ககத்தில் நடந்தது இது. மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அந்த வகையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சம்பந்தப்பட்ட வீட்டாரின் சம்மதத்தோடு, ஆளும் இடமும் தெரியாதபடி எழுதுகிறேன்.

செடியை வளர்த்தவர் முதல் மாடியில் குடியிருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். செடி வளர்ப்பில் நல்ல கை. அடீனியம், ஹோயா என்று ஆரம்பித்து, நாற்றமடிக்கும் பூக்களின் பக்கம் அவர் ஆர்வம் திரும்பியிருந்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஸ்டாபிலியா ஜைகான்டியா பால்கனியில் ஏற்கனவே இருந்தது. ஒரு சாணுக்கு மேல் விரியும் நட்சத்திரப் பூ, வெளிர்மஞ்சளில் மெல்லிய செந்நிறக் கோடுகள். செத்த விலங்கு என்று ஏமாந்து ஈக்கள் அதில் முட்டையிடும். புழு பொரித்தாலும் தின்ன ஒன்றும் கிடைக்காமல் செத்துப்போகும். அதனால் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை. அந்தப் பூவின் நாற்றம் கிட்டப் போய் முகர்ந்தால்தான் தெரியும்.

அதற்கப்புறம் அவர் ஆசைப்பட்டது டைட்டன் ஆரம். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கே உரிய செடி. 1878-ல் இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோயார்டோ பெக்காரி மூலம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. தோட்டத்தில் வளர்த்து முதன்முதலில் பூத்தது 1889-ல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில். பூங்கதிர் மூன்று மீட்டர் வரை உயரும். விதையிலிருந்து முதல் பூவுக்கு ஏழு முதல் பத்து வருடம் ஆகலாம். காட்டில் அருகிவரும் இனம் என்பதால் அழியும் ஆபத்திலுள்ள தாவரமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் ஒரு விற்பனையாளர் அதன் படத்தைப் போட்டு, 'பூக்கும் பருவத்தில் உள்ள கிழங்கு' என்று விற்றார். இவர் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். தை மாதம் வந்து சேர்ந்த கிழங்கு ஒன்றரைக் கிலோ. செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு கலந்து பெரிய குரோ பேக்கில் நட்டு மொட்டைமாடியில் வைத்தார்.

முதல் ஆண்டு

சித்திரையில் முளை வந்தது. ஒரே தண்டு, அதன் உச்சியில் குடையாக விரிந்த ஒரே இலை. இந்த வகைச் செடிகள் பெரும்பாலும் அப்படித்தான்: மரக்கன்று மாதிரி தெரிவது முழுக்க ஒற்றை இலை. ஐப்பசி, கார்த்திகையில் அது மஞ்சளாகிச் சாய்ந்தது. செத்துவிட்டது என்று வீட்டில் தூக்கிப்போடச் சொன்னார்கள். இவர் படித்திருந்ததால் பொறுத்திருந்து, மண்ணைத் தோண்டிக் கிழங்கை எடுத்தார். மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. காற்றோட்டமான இடத்தில் உலரவைத்து, மாசியில் திரும்ப நட்டார். அதுவரை எல்லாமே சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நாற்றம் வந்த இரவு

அடுத்த சித்திரையில் ஒரு கோடை மழைக்குப் பிறகு முளை தெரிந்தது. போன வருடத்து முளையைவிட இது குட்டையாக, அடிப்பக்கம் உப்பலாக இருந்தது. கிழங்கு பெருத்ததால் முளையும் பெருத்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்று பையை மொட்டைமாடியிலிருந்து இறக்கி, தன் வீட்டுப் பின்பக்க யுட்டிலிட்டியில் வைத்தார். இந்த நிகழ்வின் எல்லாச் சிக்கலும் இந்த இடமாற்றத்தில் தொடங்கியது. அந்த யுட்டிலிட்டிக்கு ஒட்டினாற்போல், அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றின் குளியலறை ஜன்னல்களும் திறக்கும் டக்ட் இருக்கிறது.

ஒரு நாள் மாலை பூ விரிந்தது. வளர்த்தவர் அன்று வெளியூரில் இருந்தார். வீட்டில் இருந்தவர்கள் முன்னறையில் ஏசி போட்டுக் கதவை அடைத்திருந்தார்கள். அதனால் பூத்த வீட்டுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இரவு எட்டு மணிவாக்கில் இரண்டாம் மாடியில் ஒரு அம்மா கேஸ் கசிகிறது என்று நினைத்து ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, பக்கத்து வீட்டாரையும் எச்சரித்திருக்கிறார். அவர் செய்தது முழுக்கச் சரி. சமையல் வாயுவுக்குத் தனியாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். இந்தப் பூவின் நாற்றத்திலும் தூக்கலாக இருப்பவை டைமெத்தில் டைசல்பைடு, டைமெத்தில் ட்ரைசல்பைடு என்ற கந்தகச் சேர்மங்கள்தான். அழுகும் இறைச்சியிலிருந்து வருபவையும் இவையே.

கேஸ் இல்லை என்று தெரிந்ததும் செத்த எலி என்று தேட ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் டார்ச் அடித்து டக்ட்டின் அடியைப் பார்த்தார். சம்ப் மூடியைத் திறந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டார் ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்குள் பல்லியோ அணிலோ செத்திருக்கும் என்று அதைக் கழற்ற ஆளுக்குச் சொல்லி வைத்தார்கள். காலையில் செப்டிக் டேங்க் லாரிக்கும் போன் போனது. லாரி வருவதற்குள் ஊரிலிருந்து திரும்பிய வளர்த்தவர் பின்கதவைத் திறந்தார். உடனே எனக்கு அழைத்தார்.

நேரில் கண்டவை

நான் போய்ச் சேர்ந்தபோது நாற்றத்தின் உச்சம் தணிந்திருந்தது. ஆனாலும் யுட்டிலிட்டிக்குள் நிற்பது சிரமம்தான். பூ மண்ணை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. காம்பு ஒரு சாண்கூட இல்லை. வெளியே விரிந்திருந்த மடல் பச்சையும் ஊதாவும் கலந்து, வெளிர்ப் புள்ளிகளோடு, ஓரமெல்லாம் அலையலையாக மடிந்திருந்தது. நடுவில் கருஞ்சிவப்புக் குமிழ், வேகவைத்த ஈரல் மாதிரி சுருக்கம் விழுந்து. அதற்குக் கீழே ஆண் பூக்கள் நெருங்கிய மஞ்சள் பட்டை. இன்னும் உள்ளே டார்ச் அடித்தால், ஊதாத் தண்டும் மஞ்சள் முடியுமாகப் பெண் பூக்கள். பச்சை நிற ஈக்கள் மடலின் விளிம்பில் மொய்த்தன. அடியில், பெண் பூக்களுக்கு நடுவே, சிறிய வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

நாற்றம் டக்ட்டில் அவ்வளவு சீக்கிரம் மேலே ஏறியதற்குக் காரணம் உண்டு. இந்த இனப் பூக்களின் நடுக்கதிர் விரியும் வேளையில் தானாகச் சூடேறும். அந்தச் சூட்டில் வாசனைப் பொருள்கள் எளிதில் ஆவியாகிப் பரவும். காட்டில் தொலைவிலுள்ள வண்டுகளையும் ஈக்களையும் அழைக்க ஏற்பட்ட வழி இது. இங்கே சூடான காற்று ஒரு புகைக்கூண்டு வழியாகப் போவதுபோல் நேரே குளியலறைகளுக்குப் போயிருக்கிறது. மொட்டைமாடியிலேயே விட்டிருந்தால் இதில் பெரும்பகுதி கடல்காற்றோடு கலைந்திருக்கும்.

முதலில் பெண் பூக்கள் முதிர்ந்து மகரந்தத்துக்குத் தயாராகும். நாற்றம் கடுமையாக இருப்பது அந்த நேரத்தில்தான். அதற்கப்புறமே ஆண் பூக்கள் மகரந்தத்தை இழை இழையாக வெளியே தள்ளும். தன் மகரந்தம் தனக்கே சேராமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. நான் பார்த்தபோது மகரந்தம் வர ஆரம்பிக்கவில்லை. ஆனால் மஞ்சள் பட்டை உப்பியிருந்தது. கடுமையான கட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது என்று அதைவைத்துச் சொல்ல முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் இருந்தன: பூவை அடியோடு வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவது, பையோடு மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது, இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது.

கடைசி வழியை நான் ஏற்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். அவர் இரவு முழுக்க வாந்தி எடுத்து, விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஒருவர் வீட்டை விட்டுப் போகும் அளவுக்கு ஆன பிறகு, இது அரிய பூ, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் பூ திறந்தவெளிக்குப் போகவேண்டும், முடியாவிட்டால் வெட்டிவிடலாம் என்று சொன்னேன். வளர்த்தவர் மறுபேச்சு பேசவில்லை.

வெட்டாமல் இடம் மாற்றலாம் என்று முடிவானது. ஈரமண்ணோடு பை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. லிப்ட்டில் ஏற்றினால் நாற்றம் அதற்குள்ளேயே தங்கிவிடும் என்பதால் படிக்கட்டு வழியாகத்தான் போனோம். ஒரு கெட்டிச் சாக்கில் பையை நிறுத்தி, நான்கு மூலைகளையும் பிடித்து, பூ சாயாமல் ஏற்றினார்கள். எல்லோரும் கையுறை போட்டிருந்தார்கள். இந்தச் செடியின் எல்லாப் பாகத்திலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு; சாறு பட்டால் சிலருக்கு அரிப்பு தாங்காது.

மாடியில் எங்கே வைப்பது என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். கோடையில் சென்னையில் பிற்பகலுக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும். அதனால் வடமேற்கு மூலையைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பக்கம் காலி மனை. படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் எதிர்மூலையில். டக்ட் பக்கத்து வீடுகளில் எக்ஸாஸ்ட் பேன் போட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்ததில், மாலைக்குள் குளியலறைகள் பழைய நிலைக்கு வந்தன. மறுநாள் மகரந்தம் உதிர்ந்து பூ தொய்ந்தது. தொய்ந்த காம்பை அழுக விடாமல் மண்மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி எடுத்து, மனையோரம் மண்ணில் புதைத்தார்கள். அழுகல் கிழங்குக்கு இறங்கினால் கிழங்கே போய்விடும்.

இது டைட்டன் ஆரம் இல்லை

அன்றே அவரிடம் சொல்லவேண்டியிருந்த இன்னொரு விஷயம்: அது டைட்டன் ஆரம் இல்லை, நம் ஊர்ச் சேனை. சமைத்துச் சாப்பிடும் அதே சேனைக்கிழங்கு இனம், தாவரவியலில் அமார்போபாலஸ் பியோனிஃபோலியஸ். டைட்டன் ஆரமும் அதே பேரினம்தான் என்பதால் குழப்பம் சுலபம்.

பிரித்தறிய மூன்று தடயங்கள் இருந்தன. போன வருட இலையின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் தண்டு முழுக்கப் பரு பருவாக, சொரசொரவென்று இருந்தது. டைட்டன் ஆரத்தின் தண்டு வழவழப்பானது. பூ தரையோடு தரையாக அகன்று விரிந்தது. டைட்டனின் கதிரோ மடலுக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கூம்பாக எழும்பும். கடைசியாக, மூன்று கிலோக் கிழங்கு. டைட்டன் முதல் பூ விடவே பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோவுக்கு மேல் கிழங்கு வேண்டும். எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் 2010-ல் எடைபோட்ட ஒன்று 153.9 கிலோ இருந்தது.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பணம் போனதைவிட, ஒன்றரை வருடமாக வேறொரு செடியாக நினைத்து வளர்த்ததுதான் அவரை வருத்தியது. விற்றவரைத் தொடர்புகொண்டபோது விளம்பரத்தை எடுத்துவிட்டார், பணம் திரும்பவில்லை.

நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சேனைப் பூவைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. வயலில் நட்ட எட்டு ஒன்பது மாதத்தில், இலை சாய்ந்ததும் கிழங்கைத் தோண்டிவிடுகிறோம். பூக்கும் வரை யாரும் விடுவதில்லை. மண்ணிலேயே விட்ட, அல்லது இவர் செய்ததுபோல் முழுதாகத் திரும்ப நட்ட பெரிய கிழங்குகள்தான் அடுத்த கோடை மழையில் பூக்கும். நூற்றாண்டுகளாகக் கூட்டும் வறுவலும் செய்து தின்ற ஒன்றின் பூவை அவர் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். சுமத்ராவிலிருந்து வந்ததற்கு எந்த விதத்திலும் அது குறைந்ததில்லை.

பிறகு நடந்தவை

அந்த வாரமே அசோசியேஷன் கூடியது. இனி மொட்டைமாடியில் எந்தச் செடியும் வேண்டாம் என்பது சிலரின் கருத்து. செப்டிக் டேங்க் லாரிக்கும் ஏசி ஆளுக்கும் கொடுத்த பணத்தை யார் தருவது என்று கேட்டார்கள். வளர்த்தவர் இரண்டையும் தானே தந்துவிட்டார். மூன்றாம் மாடிக்காரர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்து மன்னிப்பும் கேட்டார். கூட்டத்தின் சூடு அதில்தான் தணிந்தது. முடிவில் இரண்டு விதிகள் போட்டார்கள்: நாற்றமடிக்கும் பூச்செடிகள் பால்கனியிலோ யுட்டிலிட்டியிலோ இருக்கக்கூடாது, பூக்கும் முன் செகரட்டரிக்குச் சொல்லவேண்டும்.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் அந்தக் கிழங்கைச் சமைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கஜேந்திரா போன்ற சாகுபடி ரகங்களில் காறல் கிடையாது. காட்டு வகையில் அது மிக அதிகம். புளியும் மோரும் போட்டால்கூட எல்லாம் அடங்கும் என்று சொல்ல முடியாது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கிழங்கை வாயில் வைப்பது விஷப்பரீட்சை.

பூ போன சில வாரங்களில் அதே கிழங்கிலிருந்து இலை வந்தது. காய் பிடிக்கவில்லை, மகரந்தம் தர அந்நேரம் பக்கத்தில் இன்னொரு சேனை பூத்திருக்கவேண்டும்.

அடுத்த சித்திரையில் இரண்டு முளைகள். தாய்க்கிழங்கிலிருந்து ஒன்று, ஒட்டி வந்த பக்கக் கிழங்கிலிருந்து ஒன்று. தாய்க்கிழங்கின் முளை மறுபடியும் குட்டையாக, உப்பலாக வந்தது. பக்கக் கிழங்கின் முளை ஒல்லியாக, கூராக, புள்ளி போட்ட தண்டோடு நீண்டது, அது இலை. இந்த முறை பூ மொட்டை அவர் முளைத்த வாரத்திலேயே கண்டுகொண்டார். பை வடமேற்கு மூலையை விட்டு நகரவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்: எப்போது விரியலாம், நாற்றம் ஏறக்குறைய எவ்வளவு நேரம், எங்கே இருக்கிறது. அதோடு, 'வீட்டுக்குள் கேஸ் வாசனை போல் வந்தால் பூ என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள்' என்ற வரியும் இருந்தது. அந்த வரி இல்லாமல் அந்தத் தாள் முழுமை அடையாது என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் பூவின் மேல் பழி போட்டுப் பழகிவிட்டால், உண்மையான கசிவு கவனிக்கப்படாமல் போகும்.

பூ விரிந்த மாலை பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி ஏறினார்கள். புகார் ஒன்றே ஒன்று, அதுவும் நியாயமானது: மூன்றாம் மாடியில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் கூப்பிட்டார். நாற்றம் பெரும்பாலும் நடுக்கதிரின் உச்சியிலுள்ள குமிழிலிருந்துதான் வருகிறது. வளர்த்தவர் கையுறை போட்டு, கத்தியால் குமிழை மட்டும் வெட்டி, இறுகக் கட்டிய பையில் அப்புறப்படுத்தினார். மடலும் கீழே உள்ள பூக்களும் அப்படியே நின்றன. விடிவதற்குள் நாற்றம் பெரும்பாலும் போய்விட்டது.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

முளையை வேறுபடுத்திப் பார்க்கத் தெரிவதுதான் முதல் வேலை. சந்தேகமாக இருந்தால் அதைப் பூ மொட்டு என்றே வைத்துக்கொண்டு இடத்தை முடிவு செய்யவேண்டும். மொட்டு முழுசாக எழும்பிய பிறகு ஐம்பது கிலோப் பையைத் தூக்குவது யாருக்கும் நல்லதில்லை. டக்ட், லிப்ட் குழி, படிக்கட்டு அறை மூன்றுக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது. பூக்கும் வாரத்தில் வளர்ப்பவர் வெளியூர் போவதாக இருந்தால், வீட்டில் இன்னொருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். அந்த முதல் இரவில் ஒருவர் பின்கதவைத் திறந்து பார்த்திருந்தால் சம்ப் மூடியைத் திறக்கும் அளவுக்குப் போயிருக்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. வெளிநாட்டுக் கிழங்கு என்றால், 2003-ம் ஆண்டின் தாவர இறக்குமதி ஒழுங்கு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இருக்கவேண்டும். விற்பவரிடம் அதன் நகலைக் கேளுங்கள். இலையோடு கூடிய தண்டின் படத்தையும் கேளுங்கள். பூப்படம் யார் வேண்டுமானாலும் போடலாம். காட்டிலிருந்து தோண்டியது என்றால் வாங்காதீர்கள். அருகிவரும் இனத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அதன் வேரைத் தோண்ட நாமே காசு கொடுத்ததாகிவிடும்.

அடுக்ககத்தில் இருந்துகொண்டு இந்த வகைப் பூக்களை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்டாபிலியாதான். அதன் நம் நாட்டு உறவான கள்ளிமுளையானும் நல்ல தேர்வு. துவையலுக்கு ஆகும் அதே செடி. இவற்றின் நாற்றம் தொட்டியைத் தாண்டி அதிகம் போகாது. சேனை வைக்கவேண்டும் என்றால் மொட்டைமாடியும் அண்டை வீட்டாரின் சம்மதமும் இருக்கவேண்டும்.

இவரிடம் இப்போது அந்தத் தாய்க்கிழங்கு ஐந்து கிலோவைத் தொட்டுவிட்டது. பக்கக் கிழங்கும் பூக்கும் அளவுக்கு வந்ததும், இரண்டும் ஓரிரு நாள் இடைவெளியில் விரிந்தால் ஒன்றின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து மற்றதற்கு இட்டுப் பார்க்கப்போகிறார். காய் பிடித்துச் சிவந்தால் விதை எடுத்து, கேட்பவர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சரியான பெயர் எழுதிய சீட்டோடு.